டைக்கோவின் கணக்கும் தெர்மாகோல் எரிமலையும்

பள்ளி அறிவியல் கண்காட்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் முதலில் வந்து விழுவது ஒரு புலம்பல்தான்: எல்லாம் நெட்டைப் பார்த்துக் காப்பி. யூடியூபில் ஒரு வீடியோ, அதைப் பார்த்து ஒரு மாதிரி, கூகுளில் தட்டி எடுத்த இரண்டு பக்க விளக்கம். அதை நடுவர் முன் தடங்கலின்றி ஒப்பித்தால் சான்றிதழ். இதில் பிள்ளை கற்றது என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேட்ட கையோடு அவர்கள் போய்ச் சேரும் முடிவு வேறு. இணையம் வந்துதான் கண்காட்சி கெட்டது. ஆகவே செயல்திட்டத்தின் பக்கமே போனையும் கணினியையும் அண்டவிடக் கூடாது. பிள்ளைகள் தங்கள் கையால் செய்ததை மட்டும் கொண்டுவரட்டும் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, பெரும்பாலோர் தலையாட்டவும் செய்கிறார்கள். நான் ஆட்டத் தயாராக இல்லை. அளவீடு, தரவு, நமக்கு முன்னால் வேலை செய்தவர்களோடு ஓர் உறவு ஆகிய மூன்றும்தான் நம் பள்ளிக் கண்காட்சிகளில் எப்போதும் இல்லாதவை. இம்மூன்றையும் குறைந்த செலவில் கொண்டுவர இன்று கைக்கெட்டும் வழி இணையம். அதை வாசலில் நிறுத்திவைத்தால் காப்பி நிற்கப்போவதில்லை. அறிவியல்தான் வெளியே நிற்கும்.

முதலில் அந்தப் பழைய பொற்காலத்தைப் பார்த்துவிடலாம். இணையத்துக்கு முந்தைய கண்காட்சி மேசைகளில் என்ன இருந்தது? தெர்மாகோலில் செய்து பழுப்புப் பூசிய எரிமலை. கம்பியில் பந்துகளைக் கோத்த சூரியக் குடும்பம். ஊசிக்குழாய்களில் நீர் நிரப்பிய ஹைட்ராலிக் லிஃப்ட். மழைநீர் சேகரிப்பு வீடு, காற்றாலை, இதயத்தின் குறுக்குவெட்டு. ஆண்டுக்காண்டு, மாவட்டத்துக்கு மாவட்டம், இதே பட்டியல்தான். இவற்றில் எதை எந்தப் பிள்ளை யோசித்துக் கண்டுபிடித்தது? போன வருடத்து அண்ணன் செய்ததைப் பார்த்தும், பள்ளிக்கு எதிர்க்கடையில் பாதி செய்து விற்றதை வாங்கியும், மீதியை அப்பாவும் சித்தப்பாவும் ராத்திரி உட்கார்ந்து ஒட்டியும் வந்தவைதான் அவை. அந்த எரிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி நுரை பொங்குகிறது. நிஜ எரிமலையில் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. நிலத்தடியில் உருகிய பாறையும் அதில் கரைந்திருக்கும் வாயுக்களின் அழுத்தமும்தான் காரணம். ஆக, கையால் செய்தது என்று நாம் கொண்டாடிய அந்த மாதிரி, எரிமலையைப் பற்றித் தவறாகவே சொல்லிக்கொடுத்தது. தரவைப் புனைவதும் புதிதல்ல. தனி ஊசல் செய்முறையில் புவியீர்ப்பு முடுக்கம் 980க்குப் பக்கத்தில் வந்தாக வேண்டும் என்பதற்காக, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அலைவு நேரத்தை ரெக்கார்டு நோட்டில் நிரப்பும் கலை தலைமுறை தலைமுறையாக நம் மேல்நிலைப் பள்ளிகளில் கைமாறி வந்திருக்கிறது. அதற்கு வைஃபை தேவைப்படவில்லை.

காப்பி ஏன் இவ்வளவு நாள் செழித்தது என்று கேட்டால் பதில் நடுவரின் மதிப்பெண் தாளில் இருக்கிறது. தோற்றம், இயங்குகிறதா, விளக்கிச் சொல்லும் திறன் என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தால், பளிச்சென்று தெரிகிற, சுவிட்சைத் தட்டினால் சுற்றுகிற, மனப்பாடமாக விளக்கக்கூடிய ஒன்றைத்தான் எந்தப் புத்திசாலிப் பிள்ளையும் கொண்டுவரும். விடை முன்பே தெரிந்த ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லிவிட்டு, நகல் எடுத்தாய் என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்? கேட்பது மாறினால் வருவதும் மாறும் என்பதற்கு நம் கண்முன் ஒரு சான்று உண்டு. 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாதிரி கேட்பதில்லை. குழந்தைகள் தங்கள் ஊரில் ஒரு சிக்கலை எடுத்து, விசாரித்து, அளந்து, எழுதிக்கொண்டு வர வேண்டும். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதைத் தோளில் சுமந்துவந்திருக்கிறது. அங்கேயும் சப்பையான ஆய்வுகள் வருவதுண்டு. ஆனால் தன் தெருக் குழாய்த் தண்ணீரைப் பற்றி எழுதுகிற பிள்ளைக்கு அடிக்க ஒரு காப்பி கிடைப்பது கடினம். உங்கள் தெருவைப் பற்றி யூடியூபில் வீடியோ இல்லை.

இணைய எதிர்ப்பாளர்கள் செய்யும் பெரிய பிழை, மூன்று வெவ்வேறு பண்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது. ஒன்று தகவல்: விக்கிப்பீடியா, வீடியோ, கட்டுரைகள். இரண்டாவது பாவனை: திரையில் ஊசல் ஆடும், மின்சுற்று எரியும். மூன்றாவது தரவும் கருவியும்: செயற்கைக்கோள் படம், மழையளவுப் பதிவு, வானிலை நிலையத்தின் எண்கள், போனுக்குள் இருக்கும் உணரிகள். முதலாவதை அப்படியே ஒப்பித்தால் அது காப்பிதான், அதில் எனக்கும் மறுப்பில்லை. இரண்டாவது விஷயத்தில் எதிர்ப்பாளர்களைவிட நான் கறாரானவன். கொலராடோ பல்கலைக்கழகம் 2002 முதல் உருவாக்கிவரும் ஃபெட் பாவனைகள் அருமையானவை, தமிழிலும் கிடைக்கின்றன, வகுப்பறைக்கு அவற்றைப் போல உதவி வேறில்லை. ஆனால் திரையில் ஆடும் ஊசல், நிரலில் எழுதிய சமன்பாட்டைத்தான் திருப்பிச் சொல்லும். இயற்கை நம்மைப் பொய்யாக்கும் வாய்ப்பு அதில் இல்லை. பாவனையில் எடுத்த அளவீட்டை ஆய்வு முடிவு என்று கண்காட்சிக்குக் கொண்டுவந்தால் நடுவர் தயங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாவது பண்டம் முற்றிலும் வேறு. அதைத்தான் நம் விவாதத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சென்னைக் குடிநீர் வாரியம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகளின் நிலவரத்தைத் தன் இணையதளத்தில் நாள்தோறும் போடுகிறது: நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழை. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. பட்டினப்பாக்கத்திலோ அம்பத்தூரிலோ இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் இந்தப் பட்டியலை வைத்து என்ன செய்யலாம்? வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கனஅடி என்று இருக்கும். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆகவே வினாடிக்கு 100 கனஅடி வெளியேறினால் ஒரு நாளில் 8.64 மில்லியன் கனஅடி போயிருக்கும். நேற்றைய இருப்போடு இன்றைய வரத்தைக் கூட்டி, வெளியேற்றத்தைக் கழித்தால் இன்றைய இருப்பு வர வேண்டும். மழையில்லாத மே மாதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒத்துப்போகாது. கொஞ்சம் தண்ணீர் காணாமல் போயிருக்கும். எங்கே போயிற்று? வெயில் குடித்தது எவ்வளவு, மண் குடித்தது எவ்வளவு, கணக்கில் வராமல் எடுத்தது ஏதாவது உண்டா? ஆய்வு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நீர்ப்பரப்பு 10 சதுர கிலோமீட்டர், ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானது என்று வைத்துக்கொண்டால் அது 50,000 கனமீட்டர், அதாவது 5 கோடி லிட்டர். ஏரிக் கணக்கின் மொழியில் சொன்னால் வெறும் 1.8 மில்லியன் கனஅடி. இருப்பை முழு எண்ணில் குறிக்கும் பட்டியலில் ஒரு நாள் இழப்பு கண்ணுக்குத் தெரிவதே சந்தேகம். பதினைந்து நாளைச் சேர்த்துக் கூட்டினால்தான் 26, 27 என்று எழுந்து நிற்கும். அளவீட்டின் நுண்மை என்றால் என்ன, ஒரு நாள் எண்ணை ஏன் நம்பக் கூடாது என்பதை எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் நன்றாக இந்தப் பட்டியல் கற்றுக்கொடுத்துவிடும்.

அவள் அதோடு நிற்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் அகலமான ஒரு தொட்டியில் நீர் நிரப்பி, ஸ்கேலை நட்டு, தினமும் ஒரே நேரத்தில் மட்டத்தைக் குறிக்கலாம். காக்கை வந்து குடித்துவிட்டுப் போகும், அதனால் மேலே வலை போட வேண்டியிருக்கும். சில நாளில் ஒன்று புரியும்: தொட்டி, ஏரியைவிட வேகமாக வற்றுகிறது. தளத்தின் சூடு அடியிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தொட்டியைச் சுடுகிறது. ஏரிக்கு அந்தத் தொல்லை இல்லை. நீரியல் பொறியாளர்கள் ஆவியாதல் தொட்டியின் அளவீட்டைப் பொதுவாக 0.7 அளவுக்குக் குறைத்துத்தான் ஏரிக்குப் பொருத்துகிறார்கள் என்பதை அவள் அப்போது இணையத்தில் தேடிப் படிப்பாள். முதலிலேயே படித்திருந்தால் அது வெறும் தகவல். தன் தொட்டி தன்னைக் குழப்பிய பிறகு படிக்கும்போது அது விடை. 2019 கோடையில் இந்த ஏரிகள் ஏறக்குறைய வற்றிப்போன நாட்களின் பதிவுகளோடு தன் கணக்கை ஒப்பிடவும் அவளால் முடியும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு நோட்டும். இணையம் இல்லாமல் இதே ஆய்வைச் செய்ய வேண்டுமானால் நீர்வளத் துறை அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஏரியின் இருப்பை அளந்தவர் யாரோ ஓர் அலுவலர். அவருடைய எண்ணை எடுத்து வரைபடம் போட்டால் அது எப்படி மாணவியின் ஆய்வாகும்? இதற்குப் பதில் அறிவியல் வரலாற்றின் நட்டநடுவில் இருக்கிறது. செவ்வாயின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளர், அதற்கு ஆதாரமான நோக்கீடுகளைத் தானே செய்யவில்லை. சிறுவயதில் வந்த பெரியம்மையால் அவருக்குப் பார்வையும் மங்கல். 1601இல் இறந்துபோன டைக்கோ பிராஹே ஆண்டுக்கணக்கில் எடுத்துவைத்த அளவீடுகளைத்தான் அவர் கையாண்டார். வட்டப் பாதைக் கணக்கு டைக்கோவின் எண்ணோடு 8 கலை அளவுக்கு மட்டும் முரண்பட்டது. முழுநிலவின் அகலத்தில் கால்வாசிதான் அது. டைக்கோ அவ்வளவு தவறு செய்திருக்க மாட்டார் என்று நம்பி, தன் கணக்கைத் தூக்கிப் போட்டார் கெப்ளர். 1609இல் வெளியான அவரது நூலில் வட்டம் போய் நீள்வட்டம் வந்தது. கெப்ளர் டைக்கோவைக் காப்பியடித்தார் என்று யாராவது சொல்கிறோமா? ஒருவர் அளந்ததை இன்னொருவர் கேள்வி கேட்பதுதான் அறிவியலின் அன்றாட வேலை. டைக்கோவின் தரவைப் பெற கெப்ளர் பிராகா நகருக்குப் போய் அவரிடம் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. இன்று நாங்குநேரியிலிருந்தே எடுக்கலாம்.

பிள்ளைகள் எடுத்தும் இருக்கிறார்கள். 2012இல் கூகுள் அறிவியல் போட்டியில் முதற்பரிசு பெற்ற அமெரிக்க மாணவி பிரிட்டனி வெங்கர், மார்பகக் கட்டி புற்றுநோயா இல்லையா என்று பகுத்துச் சொல்லும் நிரல் ஒன்றை எழுதினார். அதைப் பழக்கிய தரவு விஸ்கான்சின் மருத்துவமனையில் திரட்டி இணையத்தில் பொதுவில் வைத்திருந்தது. 2025இல் ரீஜெனரான் அறிவியல் திறன் தேடலில் 2,50,000 டாலர் முதற்பரிசை வென்ற மாட்டியோ பாஸ், நியோவைஸ் விண்தொலைநோக்கி பத்தாண்டுக்கு மேல் எடுத்துக் குவித்த அகச்சிவப்புப் பதிவுகளைத் தான் எழுதிய நிரலால் சலித்து, ஒளி மாறும் சுமார் 15 லட்சம் புதிய பொருட்களுக்கான அடையாளத்தைக் கண்டார். அவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், நமக்கேது அந்த வசதி என்பீர்கள். 2020இல் சூரத்தைச் சேர்ந்த இரண்டு பள்ளி மாணவியர், ஹவாயில் உள்ள பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களைக் கணினியில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்து, நகரும் ஒரு புள்ளியைப் பிடித்தார்கள். அது ஒரு குறுங்கோள். மாணவர்கள் வாங்குபவர்களாக மட்டும் இல்லை என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகள் குளக்கரையில் எண்ணும் நாரையும் கொக்கும் இபேர்டு தரவுத்தளத்துக்குப் போகின்றன. நாளை வேறு நாட்டு ஆய்வாளர் ஒருவர் அவற்றை எடுத்துப் படிப்பார். டைக்கோவின் வேலையும் கெப்ளரின் வேலையும் இரண்டுமே அவர்களுக்குத் திறந்திருக்கின்றன.

அடுத்த மறுப்பு கைவேலையைப் பற்றியது. திரைமுன் உட்கார்ந்தால் மண்ணைத் தொடும் பழக்கம் போய்விடும் என்கிறார்கள். திரையோடு நின்றுவிட்டால் போகும்தான். ஆனால் தரவின் குணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது ஆளை வெளியே துரத்தும். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் நாற்பதாண்டுச் செயற்கைக்கோள் படங்கள் லேண்ட்சாட் சேமிப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன, 2008 முதல் யாரும் இறக்கிக்கொள்ளலாம். அந்தப் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் சுமார் 22 சென்ட். கரையோரப் புள்ளியில் பாதி நீர், பாதி மண் இருக்கும்; படம் இரண்டையும் கலந்து ஏதோ ஒரு நிறம் காட்டும். நடுக்கண்மாயில் பச்சை தெரிகிறது. அது பயிரா, நீரே வற்றிப்போய் முளைத்த சீமைக் கருவேலமா, நிறைந்த நீரின் மேல் படர்ந்த ஆகாயத்தாமரையா? படத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. போய்ப் பார்க்க வேண்டும். போனால் கலுங்கு உடைந்து கிடப்பதும் வரத்துக்கால் தூர்ந்திருப்பதும் கண்ணில் படும். எந்த வருடம் கடைசியாக மறுகால் போயிற்று என்று மடைக்காரரிடமோ பெரியவர்களிடமோ கேட்டு, அந்த வருடத்துப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தோன்றும். பெரியவர் சொன்ன வருடமும் படம் காட்டும் வருடமும் ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது, ஆய்வு சூடுபிடிக்கும். சார்ட்டில் கண்மாய்ப் படம் வரைந்து ஸ்கெட்ச் பேனாவில் நீலம் அடித்த பிள்ளை ஒரு நாளும் கண்மாய்க்குப் போக நேர்ந்ததில்லை.

போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பேசுவதற்கும் ரீல்ஸ் பார்ப்பதற்கும் மட்டும் அல்ல. முடுக்கமானி, காந்தமானி, ஒலிவாங்கி, ஒளியுணரி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் இலவசமாக வெளியிட்ட ஃபைபாக்ஸ் என்ற செயலி அவற்றைக் கருவியாக மாற்றிவிடுகிறது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலே ஓடும். இரண்டு போன்களை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, முதலில் ஒரு முனையிலும் பிறகு மறுமுனையிலும் கைதட்டினால், இரண்டு போன்கள் காட்டும் நேரங்களுக்கு இடையே ஒரு நொடியில் நூறில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு வரும். அதிலிருந்து ஒலியின் வேகம் கிடைத்துவிடும். காலைக் குளிரிலும் மதிய வெயிலிலும் செய்து பார்த்து வேகம் மாறுகிறதா என்று தேடுகிற மாணவனுக்கு, தன் கருவியின் நுண்மை அதற்குப் போதுமா என்ற கேள்வியும் கூடவே வரும். ஒத்ததிர்வுக் குழாய் உடைந்து கிடக்கும் ஆய்வகத்தை வைத்துக்கொண்டு போனை உள்ளே கொண்டுவராதே என்று தடைபோடுவதில் என்ன பெருமை இருக்கிறது?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் ஏற்றத்தாழ்வு பற்றியது. நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைக்கு லேப்டாப்பும் அதிவேக இணைப்பும் உண்டு, கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்கிறார்கள். இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஊரக இந்தியாவில் எடுத்த ஏசர் 2024 ஆய்வின்படி 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும். அவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. கையாளத் தெரிந்தவர்களில் சொந்தப் போன் வைத்திருக்கும் பையன்கள் 36 விழுக்காடு, பெண்கள் 27 விழுக்காடுதான். அந்த இடைவெளி சுடுகிறது. ஆனால் இந்த எண்களை மறுபடி படியுங்கள். போன் வீட்டுக்குள் வந்துவிட்டது, கைக்கும் பழகிவிட்டது. பழகாதது அதைக் கொண்டு எதையாவது அளக்கலாம் என்ற எண்ணம். அதைப் பள்ளி சொல்லித் தராவிட்டால் யார் சொல்லித் தருவார்கள்? தடை போட்டால் அது யார் தலையில் விடியும் என்பதையும் யோசிக்க வேண்டும். பொறியாளர் அப்பா இருக்கும் வீட்டில் எந்தத் தடையும் செல்லாது. இரவு பத்து மணிக்கு இணையத்தில் தேடி, காலையில் கையால் செய்தது என்று கொண்டுவந்து வைப்பார்கள். பள்ளியை விட்டால் வேறு கதியில்லாத பிள்ளைக்குத்தான் தடை உண்மையாகவே தடையாகும். நம் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. அங்கே இணையவழி மதிப்பீட்டுத் தேர்வுகள் நடக்கின்றன. அதே கணினிகளில் வாரம் ஒரு மணி நேரம் மழையளவுத் தரவைத் திறந்து பார்க்க விட்டால் என்ன கெட்டுவிடும்? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாணவரின் யோசனைக்கு 10,000 ரூபாய் கொடுக்கும் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு விண்ணப்பமே இணையத்தில்தான் போட வேண்டும். யோசனையை அனுப்ப இணையம் வேண்டும், யோசிக்க மட்டும் கூடாதாம்.

இணையத்தைத் தூக்கிப்பிடிக்கும் தரப்பிலும் மிகைப்பேச்சுக்குக் குறைவில்லை. 2012இல் சர்வதேச அறிவியல், பொறியியல் கண்காட்சியில் பெரும்பரிசு பெற்ற ஜாக் ஆண்ட்ராகா என்ற பதினைந்து வயது மாணவர், கூகுளையும் விக்கிப்பீடியாவையும் இலவசக் கட்டுரைகளையும் படித்தே கணையப் புற்றுநோய்க்கு மலிவான காகிதச் சோதனையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அவர் ஏறத்தாழ இருநூறு பேராசிரியர்களுக்கு எழுதி, ஒருவரே இடம் கொடுத்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் வேலை செய்தார் என்பது அந்தச் செய்திகளில் ஓரமாகத்தான் வந்தது. சோதனையின் திறன் பற்றிய உரிமைகோரல்களை நிபுணர்கள் பிறகு கேள்விக்குள்ளாக்கினார்கள். மருத்துவமனைகளில் அது புழக்கத்துக்கு வரவில்லை. பையன் மேல் பழியில்லை, அவன் ஆர்வமாக ஒரு தொடக்கம் செய்தான். சரிபார்ப்பு முடியுமுன் மேளம் கொட்டியவர்கள் பெரியவர்கள். படிக்கக் கிடைப்பதும் நிரூபிப்பதும் வேறு வேறு என்பதை மறந்தால் இணையம் நம்மைக் கவிழ்க்கும். கடையில் வாங்கிய ரோபோ கிட்டைப் பொருத்தி, பக்கத்தில் ஒரு க்யூஆர் குறியீட்டை ஒட்டி, இதுதான் நவீன அறிவியல் என்று நிறுத்தும் பள்ளிகளும் இந்த வரிசையில்தான் சேரும். அது மின்சாரம் ஓடும் தெர்மாகோல்.

கடைசியாக, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எல்லோர் வாயிலும் இருக்கும் பயம். அறிக்கையையே இயந்திரம் எழுதிவிடுகிறது, தரவையும் புனைந்து தருகிறது, இனி எதை நம்புவது? என் பதில் சுருக்கமானது. அறிக்கையின் நடையழகுக்கு மதிப்பெண் கொடுத்தவர்களுக்குத்தான் இது பேரிடி. தொட்டித் தண்ணீரை அளந்த மாணவியிடம், பதினோராம் நாள் எண் மட்டும் ஏன் இப்படித் துள்ளி நிற்கிறது என்று கேளுங்கள். அன்று வலை விலகிக் காக்கை குடித்திருந்தது என்பாள். அல்லது அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன், தம்பி அளந்தான் என்பாள். இயந்திரத்திடம் வாங்கிவந்த பிள்ளையின் எண்கள் எதுவும் துள்ளாது, வரிசையாகக் கைகட்டி நிற்கும். ரெக்கார்டு நோட்டில் 980ஐ வரவழைத்த எண்களும் அப்படித்தான் நின்றன, நாம்தான் கண்டும் காணாமல் கையெழுத்துப் போட்டோம். நடுவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் வேற்றுமை தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஒரு நாளில் நூறு மேசைகளைச் சுற்றிவரும் நடுவருக்கு ஐந்து நிமிடம் இல்லை. மேசைகளைக் குறையுங்கள். இருபது பேர் உட்கார்ந்து பேசும் கண்காட்சி, நூறு பேர் நின்று ஒப்பிக்கும் கண்காட்சியைவிட மேல்.

ஆகவே கண்காட்சி நடத்தும் தலைமையாசிரியர்களுக்கும் வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. இந்த ஆண்டு மதிப்பெண் தாளில் தோற்றத்துக்கு இருக்கும் கட்டத்தை அடித்துவிட்டு, அந்த மதிப்பெண்ணைத் தரவுக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். எந்த இணையதளத்திலிருந்து எதை எடுத்தேன், எந்த நாளில் எடுத்தேன், அதில் நான் நேரில் சரிபார்த்தது எது என்று ஒவ்வொரு மாணவரும் ஒரு பக்கம் எழுதி ஒட்டட்டும். மறைத்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள், சொன்னால் கூட்டுங்கள். பள்ளி அளவில் இதைச் செய்ய அரசாணை எதுவும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.